லேபிளில் இல்லாத பேர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கேட்டபோது, "உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் பேசலாம் அக்கா" என்று செயலாளர் சொன்னார். "பழைய றம் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "மலரிலும் போட வேண்டி வருமே அக்கா" என்றார். "போடுங்கள், யாரும் குடித்துவிட்டு வரமாட்டார்கள்" என்றேன். அந்தத் தங்கைக்கு இந்த மேடையில் நன்றி சொல்ல வேண்டும். அனுமதி கொடுத்தது அவருடைய துணிச்சல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களில் பலருக்குச் சாராயம் என்றதும் ஞாபகம் வருவது ருசி அல்ல. சம்பள நாள் இரவு, காம்பராவின் கதவு, அம்மாவின் முகம், அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று குனிந்த தலை. எனக்கும் அதுதான். விடுதிக்கு வந்த முதல் வருடம், "வீட்டில் சத்தம் இல்லாமல் தூங்குகிறேன்" என்று நான் சந்தோஷப்பட்டதும், அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டதும் இன்னும் மறக்கவில்லை.

என் அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டோரில் வேலை செய்தார். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெட்டி அடைக்கும் அறையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. தகட்டில் வெட்டிய எழுத்துகளைப் பலகைப் பெட்டியில் வைத்து, கறுப்பு மை தடவி, தோட்டத்தின் மார்க்கை அச்சடிப்பார். கோடு பிசகாது. அந்த எழுத்துகளை அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தலைகீழாக வைத்ததே இல்லை.

அவருக்குச் சாப்பாடு கொண்டு போகும்போதுதான் முதன்முதலாக ருசி பார்ப்பது என்றால் என்னவென்று கண்டேன். டீ மேக்கர் ஐயா நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, "ஸ்ஸ்ர்ர்" என்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சித் துப்புவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தச் சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை எங்கள் இரசாயனவியல் ரீச்சர்தான் விளக்கினார். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மூக்குக்குப் போகும் வாசனை. காற்றோடு சேர்த்து இழுத்தால் அந்த வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். அந்த ஒரு பாடம்தான் பேராதனை வரைக்கும், பிறகு லண்டனில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடம் வரைக்கும் எனக்குச் சோறு போட்டது.

அங்கே நாங்கள் பானங்களைச் சோதிப்போம். ஒருநாள் என் முன்னால் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ வைத்தார்கள். முகர்ந்தேன். கருப்பட்டி, வாழைப்பழம், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் புகை. அப்பாவின் பெட்டி அடைக்கும் அறை அப்படியே கண்முன் வந்தது. கேட்டபோது, அது கயானாவில் பீப்பாயில் பல வருடம் கிடந்த றம் என்றார்கள். விதி முறைப்படி வாயில் வைத்துவிட்டுத் துப்பினேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. எங்கள் வீட்டை உடைத்த சாமானில் என் அப்பாவின் வாசம் எப்படி வந்தது?

அந்தக் கேள்வியோடுதான் இந்தப் பைத்தியம் தொடங்கியது. இன்று என் வீட்டு அலுமாரியில் நாற்பத்து மூன்று போத்தல்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் திறக்காதவை.

றம் என்பது கரும்பில் பிறப்பது. சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து வடிப்பார்கள். மார்டினிக் போன்ற பிரெஞ்சுத் தீவுகளில் பாகை விட்டுவிட்டுக் கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்கவைப்பார்கள். அதில் பச்சைப்புல் வாசனை இருக்கும். வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை எடுப்பதுதான் தொழில் தெரிந்தவரின் கை. கசிப்புக் காய்ச்சுகிறவருக்குத் தள்ளுவதெல்லாம் நட்டம்.

வாலையிலிருந்து இறங்கும்போது றம் தண்ணீர் போலத்தான் இருக்கும். நிறம் தருவது பீப்பாய். அமெரிக்காவில் பூர்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒருமுறை பாவித்த பீப்பாய்கள் கரீபியன் தீவுகளுக்கு வரும். ஒன்று ஏறக்குறைய 200 லீற்றர். அதில் றம்மை ஊற்றி மூடி வைத்தால் மரத்தின் இடுக்குகளால் வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகும். இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். குளிர் நாடான ஸ்கொட்லாந்தில் அந்தப் பங்கு வருடத்துக்கு 2 சதவீதம் அளவு. வெப்ப நாட்டில் 6 சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடம் 6 சதவீதம் போனால், பன்னிரண்டாம் வருடம் 200 லீற்றரில் 95 லீற்றர்தான் மிஞ்சும். ஸ்கொட்லாந்தில் அதே காலத்தில் 157 லீற்றர் மிஞ்சும். அதனால்தான் வெப்ப நாட்டில் கிடந்த பழைய றம் அரிது. விலையும் அதனால்தான்.

ருசி பார்ப்பதற்கு வாய் குவிந்த சின்னக் கிண்ணம் போதும். இரண்டு தேக்கரண்டி அளவு ஊற்றி, பத்து நிமிடமாவது அப்படியே விட வேண்டும். முகரும்போது வாயைச் சற்றுத் திறந்து வைத்தால் மூக்கு எரியாது. முதல் சொட்டு வாயை நனைக்கத்தான். ருசி இரண்டாவதில்தான் தெரியும். சில துளி தண்ணீர் விட்டால் ஒளிந்திருக்கும் வாசனை வெளியே வரும். ஜமெய்க்கா றம்மில் கனிந்து வெடித்த அன்னாசிப்பழ வாசம் தூக்கலாக இருக்கும். அது அதிக நாள் புளிக்கவைப்பதால் உண்டாகும் எஸ்டர்கள். உயர்தரத்தில் படித்த தங்கைமாருக்கு ஞாபகம் இருக்கும்.

சேகரிக்க விரும்புகிறவர் லேபிளை நம்ப முன் வாசிக்கப் பழக வேண்டும். போத்தலில் பெரிதாக ஓர் எண் இருந்தால் அது வயதுதானா, இல்லை வெறும் எண்ணா என்று பார்க்க வேண்டும். பல வயதுக் கலவையில் மிக இளையதன் வயதைப் போடுவது நேர்மை. மிக மூத்ததன் வயதைப் போட்டு விற்பவர்களும் உண்டு. சிலவற்றில் பிறகு சீனி கலந்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஒரு லீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் சேர்த்தால் அதை றம் என்று விற்க முடியாது. உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்துப் பாருங்கள். காய்ந்த பிறகும் ஒட்டினால் சீனி இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இப்படி லேபிள் லேபிளாக வாசித்துக்கொண்டு போனபோதுதான் ஒரு பெயரில் நின்றேன். போர்ட் மூரண்ட். பீப்பாயில் போடும் மார்க் "பீ. எம்." அது கயானாவின் பெர்பீஸ் பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டத்தில் இருந்த மரத்தாலான வாலை பல இடம் மாறி, இன்று டெமராரா ஆற்றங்கரையில் டயமண்ட் என்னும் வடிசாலையில் இன்னும் வேலை செய்கிறது. தோட்டத்து வடிசாலை மூடி எத்தனையோ காலம். பெயர் மட்டும் பீப்பாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் யார் கரும்பு வெட்டினார்கள் என்று தேடினேன். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1838 மே மாதம் முதற்கப்பல்கள் இந்தியக் கூலிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தன. கல்கத்தாவிலிருந்து போனவர்களே அதிகம். மதராஸ் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் பெர்பீஸில் மதராசிகள் என்று அழைக்கப்பட்டு, மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், தப்பு அடிக்கிறார்கள். பிற்காலத்தில் கயானாவின் ஜனாதிபதியான செட்டி ஜகன் 1918இல் பிறந்தது போர்ட் மூரண்டில்தான். அவருடைய தகப்பன் கரும்புத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் வேலைக்கு உயர்ந்தவர். எங்கள் பாஷையில் கங்காணி.

தங்கைமாரே, எங்கள் பாட்டன்மார் மன்னார் வழியாக நடந்து கோப்பிக் காட்டுக்கு வந்த அதே காலத்தில், அவர்களுடைய அண்ணன் தம்பிமார் கப்பலேறிக் கரும்புக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். இங்கே லயம், அங்கேயும் வரிசை வீடு. இங்கே பெட்டியில் மார்க், அங்கே பீப்பாயில் மார்க். நான் முகர்ந்த வாசனை அப்பாவின் வாசனைதான் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்போம். கொழுந்து குறைந்தால் "அரைப் பேர்" போட்டுவிட்டார்கள் என்று அம்மா அழுதுகொண்டு வருவார். செக்ரோலில் விழுவதுதான் எங்கள் பேர். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தப் பேரும் நாட்டின் கணக்கிலிருந்து வெட்டுப்பட்டது. போத்தலில் பீப்பாயின் வயதை எழுதுகிறார்கள், தோட்டத்தின் பெயரை எழுதுகிறார்கள். வெட்டியவர் பேர் கிடையாது.

ஒரே ஓர் இடத்தில் அது மாறியதைப் பார்த்தேன். திரினிடாட்டில் கரோனி என்ற அரசாங்கச் சீனிக் கம்பனி 2003இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வடிசாலையின் கிடங்கில் பீப்பாய்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அடுத்த வருடம் இத்தாலிய வியாபாரி ஒருவர் அவற்றைக் கண்டு வாங்கினார். இன்று சேகரிப்பவர்கள் ஏலத்தில் அடித்துப் பிடித்து வாங்குவது அந்த றம்மைத்தான். பிறகு அவர் ஒரு வரிசை வெளியிட்டார். அதில் லேபிளில் தோட்டத்தின் படம் இல்லை. அங்கே வேலை செய்த பழைய தொழிலாளர்களின் முகமும் பெயரும் இருந்தன. எங்கள் சாயல் முகங்கள். நான் வாங்கியதில் மிக விலை கூடியது அதுதான். என் வீட்டுக்காரருக்கு அதன் விலை இன்றுவரை தெரியாது. அவர் மலரை வாசிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

எங்கள் நாட்டிலும் பழையது இருக்கிறது. தென்னங்கள்ளை வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வைத்து முதிரவிடுவார்கள். திருகோணமலை மரம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தது அதற்குத்தான். நன்றாக முதிர்ந்த சாராயம் எந்த றம்மோடும் ஒரு மேசையில் உட்காரும். அதை லண்டனில் ஒரு கடையில் வாங்கினேன். 2018இல் அதே சாராயத்தை ஹட்டனில் வாங்க எனக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 1979ஆம் வருட விதி, பெண்ணுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்றது. மதுபானம் செய்யும் இடத்திலும் விற்கும் இடத்திலும் அனுமதி இல்லாமல் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார்.

சாராயம் வாங்கும் உரிமைக்காக நான் கொடி பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். குடியால் அடி வாங்கியவள் பெண். தாலிக்கொடியை அடகு வைத்தவள் பெண். அந்தக் கடையின் வாசலில் மட்டும் அவளுடைய நல்லொழுக்கத்துக்குக் காவல். ஜமெய்க்காவில் ஜோய் ஸ்பென்ஸ் என்ற இரசாயனவியலாளர், முன்பு ஆசிரியையாக இருந்தவர், 1997இல் அப்பிள்டன் றம்மின் தலைமைக் கலவையாளரானார். உலகத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். எங்கள் ஆய்வுகூடத்தில் பியூரெட் பிடித்த எந்தப் பிள்ளைக்கும் அந்தத் திறமை வரும். அந்தத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

ஒரு இரசாயனவியல்காரியாக இன்னொன்றையும் சொல்லாமல் போனால் பாவம். பன்னிரண்டு வருடம் கிடந்த றம்மிலும் தவறணைச் சாராயத்திலும் இருப்பது ஒரே அல்ககோல். ஈரலுக்கு வயது வாசிக்கத் தெரியாது. மெதுவாகக் குடிப்பவர் உயர்ந்தவர், மடமடவென்று குடிப்பவர் தாழ்ந்தவர் என்று சில சேகரிப்பாளர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரியும். ஒரு போத்தலைத் திறக்காமல் பத்து வருடம் வைத்திருக்க அலுமாரி வேண்டும், பூட்டு வேண்டும், நாளைக்குச் சாப்பாடு இருக்கிறது என்ற நிச்சயம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மழையில் நனைந்து வந்த மனிதனுக்கு அவை எதுவும் இருக்கவில்லை. அதற்காக அப்பா செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். அம்மாவின் கையிலிருந்த தழும்பை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

போன வருடம் லீவுக்கு வந்தபோது அந்த போர்ட் மூரண்ட் போத்தலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் இதுவரை சொன்னதே இல்லை. வீட்டில் போத்தல் என்ற சொல்லையே எடுக்கவிடாதவர் அவர். மண்ணெண்ணெயைக் கூட டின்னில்தான் வைத்திருப்பார். எடுத்து மேசையில் வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னா புள்ள இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கரும்பு, மதராசி, மார்க். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எத்தன நாளா வச்சிருக்க?"

"ஆறு வருசம் அம்மா."

"தொறக்கவே இல்லயா?" போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்கப்பாகிட்ட ஒரு போத்தலு ஒரு ராத்திரி தாண்டுனதில்ல."

திறக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. முந்தானையால் கிண்ணத்தைப் பிடித்து, கொழுந்தை முகர்வது போல முகர்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஸ்டோரு வாசம்" என்றார்.

லேபிளைக் காட்டி, "இதுல யாரு பேரு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"தோட்டத்துப் பேரு அம்மா."

"ஆளு பேரு?"

"இல்ல."

"அப்ப நம்ம தேயில மாதிரிதான்" என்றார். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் கிண்ணத்தை அன்று முழுக்க அவர் கழுவவும் இல்லை, கழுவ விடவும் இல்லை.

அன்பான தங்கைமாரே, நூற்றாண்டு மலரில் அதிபர்களின் பெயர்கள் வரிசையாக வரும். தலைவிகளின் பெயர்கள் வரும். வரத்தான் வேண்டும். மலர்க் குழுவிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விடுதிக்கு விடியற்காலையில் அடுப்பு மூட்டிய அக்கா, வகுப்பறை கூட்டிய அம்மா, பனிக்காலத்தில் வெந்நீர் தூக்கிய அண்ணன், மணியடித்த தாத்தா, இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஞாபகம் இருக்கிறவர்கள் இன்றைக்குத் தேநீர் நேரத்தில் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இப்போது இருக்கிறவர்களும் போய்விட்டால் கேட்டு எழுத ஆள் இருக்காது.

எங்கள் தோட்டத்துப் பெட்டிகளில் முப்பத்தொரு வருடம் மார்க் அடித்தவர் பேரை நான் வீட்டுக்குப் போய் அந்தப் போத்தலின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன். கோடு கொஞ்சம் பிசகிவிட்டது.